வாழைச்சாறும் லாரி பேட்டரியும்

குற்றாலத்துப் பொருட்காட்சியில் சவ்வண்ணாச்சியின் பெட்டிக்குள் உப்பைப் போட்டவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை ஒளித்துவைத்தால் பாதி வழிவரைக்கும் என்னை நல்லவன் என்று நம்பிக்கொண்டு வருவீர்கள். அந்த மரியாதை எனக்கு வேண்டாம்.

இனி அவரைப் பற்றி. வாழைமரத்துச் சாற்றில் மின்சாரத்தை விட்டு அதிலிருந்து உரத்தைத் தனியாகப் பிரித்துவிடலாம் என்று நம்பிய மனிதர் திருநெல்வேலி ஜில்லாவில் அவருக்கு முன்னால் யாரும் கிடையாது. பின்னாலும் கிடையாது. தோட்டக்காரர்கள் குலையை வெட்டிவிட்டு மரத்தை வாய்க்கால் ஓரம் தள்ளிவிடுவார்கள். அழுகிக் கிடக்கும் அந்த மரத்தைப் பார்த்து மூக்கைப் பொத்தாமல், சொத்து பறிபோவதுபோல் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நின்ற ஒரே ஆள் அவர்.

ஐம்பதுகளின் பிற்பகுதி அது. கோயம்புத்தூரில் விவசாயம் படித்துவிட்டுத் தென்காசி விவசாய அலுவலகத்தில் டிமான்ஸ்ட்ரேட்டராகச் சேர்ந்திருந்தேன். உரம் போட்டே வளர்ந்தவர்களுக்கு உரம் போடுவது எப்படி என்று சொல்லிக்கொடுக்கும் உத்தியோகம். நான் வாடகைக்கு இருந்த அறைக்கு எதிரே ஒரு பேட்டரி சார்ஜ் கடை. சுற்றுப்பட்டுக் கிராமங்களில் மின்சாரம் வராத காலம். ரேடியோ வைத்திருந்தவர்கள் பேட்டரியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து சார்ஜ் போட்டு எடுத்துப் போவார்கள். லாரிக்காரர்களும் வருவார்கள். கடைக்காரர்தான் அண்ணாச்சி. நெட்டையாக, ஒல்லியாக இருப்பார். நெற்றி நிறையத் திருநீறு. ஆசிட் தெறித்துத் தெறித்து அவர் பனியன் பனியனாக இல்லாமல் மீன் வலையாகியிருந்தது. சுத்த சைவக் குடும்பம். பேச ஆரம்பித்தாரென்றால் எதிரில் இருப்பவர் பஸ்ஸைத் தவறவிடுவது நிச்சயம். சிலர் அடுத்த பஸ்ஸையும் தவறவிட்டிருக்கிறார்கள்.

தினமும் சாயங்காலம் அங்கே போய் உட்கார்ந்துவிடுவேன். தென்காசியில் எனக்கு வேறு மனிதர் இல்லை. ஒருநாள் படித்த திமிரில் சொன்னேன்.

"அண்ணாச்சி, இந்த வாழையில பொட்டாஷ் உப்பு ஏராளமா இருக்கு. பயிருக்கு அது உசிரு. நாம இதைக் குப்பையில தள்ளிட்டு, உப்பைக் கப்பல்ல வரவழைக்கோம்."

"கப்பல்லயா? எங்கனருந்து?"

"ஜெர்மனியிலருந்து."

"என்னவே சொல்லுதீரு! மரம் இங்கன கெடந்து அழுகுது, உப்பு ஜெர்மனியிலருந்து வருதா? மானக்கேடுல்லா!"

அத்தோடு நான் வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை. கல்லூரியில் எங்கள் ஆசிரியர் செய்துகாட்டிய ஒரு சோதனையையும் அவிழ்த்துவிட்டேன். ஒரு பெட்டியை மூன்று அறையாகத் தடுக்க வேண்டும். தடுப்புக்குப் பலகை கூடாது, சவ்வு வேண்டும். நடுவில் சாறு, இரண்டு பக்கமும் சுத்தமான தண்ணீர். ஒரு பக்கத் தண்ணீரில் ப்ளஸ் கம்பி, மறுபக்கத்தில் மைனஸ் கம்பி. மின்சாரம் இழுக்க இழுக்க, உப்பு சவ்வைக் கடந்து தண்ணீருக்குள் போய்விடும். சக்கையும் கறையும் நடுவிலேயே நின்றுவிடும்.

"சவ்வுன்னா?"

"ஆட்டு மூத்திரப்பை நல்லா வேலை செய்யும்பாங்க."

அண்ணாச்சி பேசாமல் இருந்தார். அவர் பேசாமல் இருந்ததை நான் பார்த்தது அதுவே முதல் தடவை. அப்போதே நான் பயந்திருக்க வேண்டும். எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலை, திருநீறு அழியாத நெற்றியோடு கசாப்புக் கடை வாசலில் நின்றார். அவரைப் பார்த்ததும் கடைக்காரப் பாய் கத்தியைக் கீழே வைத்துவிட்டாராம்.

"அண்ணாச்சி, வழி தெரியாம வந்துட்டீயளா?"

"தெரிஞ்சுதான்வே வந்திருக்கேன். மூத்திரப்பை இருக்கா?"

"கறி?"

"சீச்சீ! நான் சைவம்லா!"

கறி வாங்காமல் மூத்திரப்பை மட்டும் வாங்குகிற ஆளைத் தென்காசி அதுவரை கண்டதில்லை. சவ்வண்ணாச்சி என்ற பெயர் அன்று சாயங்காலத்துக்குள் பஸ் நிலையம் வரை போய்விட்டது. வாங்கிய பைகளைக் கழுவி, ஓட்டை இருக்கிறதா என்று வாயால் ஊதிப் பார்த்து, நூலால் முடிந்து கடை வாசல் கொடியில் வரிசையாகத் தொங்கவிடுவார். பலூன் விற்கிறார் என்று நினைத்து, குற்றாலத்துக்கு வந்த ஒரு குடும்பம் குழந்தையோடு வந்து விலை கேட்டது. அவர் விலை சொல்லவில்லை. பொட்டாஷைப் பற்றிச் சொன்னார். அந்தக் குடும்பம் பஸ்ஸைத் தவறவிட்டது.

இப்படி ஒரு பையைக் கன்னம் புடைக்க ஊதிக்கொண்டிருந்த நேரத்தில்தான் சிவகிரியிலிருந்து அவர் மாமனார் வந்து இறங்கினார். வெங்காயம்கூடச் சேர்க்காத மனிதர்.

"இதென்ன மாப்பிள?"

"காத்து எறங்குதான்னு பாக்கேன் மாமா."

"எதுல?"

"ஆட்டு மூத்திரப்பையில."

மாமனார் வந்த பஸ் இன்னும் திரும்பிப் போகவில்லை. அதிலேயே ஏறிப் போய்விட்டார்.

அண்ணாச்சியின் மனைவியை நான் மதினி என்று கூப்பிடுவேன். அதிகம் பேசமாட்டார். பேசினால் எதிரே இருப்பவர் யோசிக்க வேண்டியிருக்கும். ஒருநாள் என் முன்னாலேயே கேட்டார்.

"உப்புதான வேணும்? மரத்தைக் காயவச்சு எரிச்சா சாம்பல்ல வந்துரும்லா. சட்டி பானையெல்லாம் அதை வச்சுத்தான தேய்க்கோம்?"

அண்ணாச்சி பரிதாபமாகச் சிரித்தார். "ஏட்டி, எரிக்கதுக்கு மின்சாரம் எதுக்கு?"

"அதத்தான் நானும் கேக்கேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணாச்சிக்கு வரவில்லை. வாழை தண்ணீரும் நாருமாக இருக்கும், அதைக் காயவைத்து எரிப்பதற்குள் மழைக்காலம் வந்துவிடும் என்று ஒரு நல்ல காரணம் உண்டுதான். அவர் அதைச் சொல்லவில்லை. அவருக்கு மின்சாரம்தான் முக்கியம்.

மின்சாரம் எங்கிருந்து வந்தது என்றால், வாடிக்கைக்காரர்களின் பேட்டரிகளிலிருந்து வந்தது. பகலெல்லாம் சார்ஜ் ஏற்றுவார். ஏறி முடிந்ததும் சொந்தக்காரன் வருவதற்குள் வாழைச்சாற்றில் கொடுத்து இறக்கிவிடுவார். செய்தி கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஊர் ஊராக ரேடியோக்கள் வாயடைத்துப் போயின. புளியங்குடி எலுமிச்சை லாரி ஓட்டும் டிரைவர் ஒருவர் கடை வாசலில் வந்து கத்தினார்.

"அண்ணாச்சி, நேத்து சார்ஜ் போட்ட பேட்டரிவே இது! வாசுதேவநல்லூர் தாண்டல, செத்துப்போச்சு. மூட்டையோட தள்ளிக்கிட்டு வாரேன்!"

"கோவப்படாதீரும்வே. ஒம்ம பேட்டரி நாட்டுக்கு உழைச்சிருக்கு."

"நாட்டுக்கு உழைக்க நான் வேற பேட்டரி தாரேன். என் லாரிக்கு உழைக்கச் சொல்லும்!"

இவ்வளவுக்கும் பிறகு பெட்டியிலிருந்து வந்தது என்ன? கருப்பட்டிப் பாகு மாதிரி ஒரு பழுப்புப் பிசின். ஆட்டுப் பை இரண்டாம் நாளே ஊறித் தளர்ந்துவிடும். சாற்றின் கறையும் உப்போடு சேர்ந்து கசிந்துவிடும். அவருக்குச் சோதனைச்சாலை நாக்குதான். மைனஸ் பக்கத்துத் தண்ணீரில் காரம் ஏறும், தோலை அரித்துவிடும், தொடாதீர்கள் என்று நான் சொல்லியிருந்தேன். தொடவில்லை, நக்கினார். அதன் பிறகு கொஞ்ச நாள் அவர் பேச்சு யாருக்கும் புரியவில்லை, பஸ்கள் நிறைந்து போயின.

கடைக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். மதினியின் தம்பி மதுரையில் ஒரு சினிமாக் கொட்டகையில் வேலை பார்த்தான். மெஷின் அறைக்கு மின்சாரம் தெரிந்த ஆள் வேண்டும், அத்தானை அனுப்பு என்று சொல்லிவிட்டிருந்தான். வீட்டில் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். குற்றாலம் சீசனில் எங்கள் இலாகா ஒரு பொருட்காட்சி நடத்தவிருந்தது. அதில் அண்ணாச்சிக்கு ஒரு மூலை பிடித்துக் கொடுத்திருந்தேன். அங்கே வெள்ளை உப்பு வந்தால் தென்காசியிலேயே இருப்பது. வராவிட்டால் கடையை மூடிவிட்டு மதுரை. மதினி பித்தளைப் பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக் கட்ட ஆரம்பித்துவிட்டார். என்ன வரும் என்று அவருக்குத் தெரியும்.

பொருட்காட்சி நாளில் காலையிலிருந்தே சாரல். கொட்டகைத் துணி நனைந்து தொங்கியது. பலாச்சக்கை வாடையும் எண்ணெய்க் குளியல்காரர்களின் எண்ணெய் வாடையும் காற்றில் கலந்திருந்தன. பெட்டியில் மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தது. மைனஸ் பக்கத்துத் தண்ணீர் லேசாகப் பழுப்பேறத் தொடங்கியிருந்தது. பிற்பகலில் என் மேலதிகாரி பார்வையிட வருவார். நடுப்பகலில் அருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறதென்று சத்தம் வந்ததும் கொட்டகையே காலியாகிவிட்டது.

"தலையைக் காட்டிட்டு வாரேன். குரங்கு வந்து எதையும் தூக்கிராம பாத்துக்கிடும்வே" என்று சொல்லிவிட்டு அண்ணாச்சியும் துண்டோடு போனார்.

குரங்கு வரவில்லை. நான் இருந்தேன். எங்கள் மேசையில் விவசாயிகளுக்குக் காட்ட வைத்திருந்த பொட்டாஷ் உப்புப் போத்தல் இருந்தது. மைனஸ் பக்கத்து அறையின் பழுப்புத் தண்ணீரை முகந்து கீழே ஊற்றினேன். அதில் புதுத் தண்ணீர் விட்டு, உப்பை அள்ளிப் போட்டுக் கரைத்து, கம்பியை முன்போலவே செருகி வைத்தேன்.

அவர் மேல் உள்ள பரிதாபத்தால் செய்தேன் என்று வெகுகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். மேலதிகாரி முன்னால் நான் பிடித்துக் கொடுத்த மூலை வெறுமையாக இருக்கக் கூடாது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று. அவர் மதுரைக்குப் போய்விட்டால் சாயங்காலத்தில் நான் எங்கே போய் உட்காருவேன்? அதற்காக ஒரு குடும்பத்தைப் பிடித்துக் கட்டிவைத்தேன்.

அண்ணாச்சி தலை துவட்டாமல் வந்து, அந்தத் தண்ணீரைப் பீங்கான் தட்டில் ஊற்றி அடுப்பில் வைத்தார். வற்ற வற்றத் தட்டின் ஓரம் வெளுத்தது. பிறகு தட்டு முழுவதும் வெளுத்தது. அண்ணாச்சி விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். பேசுவதற்காகவே பிறந்த அந்த மனிதரிடமிருந்து ஒரே சொல்தான் வந்தது. "உப்பு" என்றார். மறுபடி "உப்பு" என்றார். தாடையில் வழிந்தது அருவித் தண்ணீர்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு வாழையிலையைக் கிள்ளி, துண்டுக்குத் துண்டு உப்பு வைத்து, கோயில் பிரசாதம்போல வந்தவர் போனவருக்கெல்லாம் கொடுத்தார். பொட்டாஷ் உப்பு கசக்கும். வாங்கியவர்கள் எல்லாரும் முகத்தைக் கோணிக்கொண்டு போனார்கள். என் மேலதிகாரியும் நாக்கில் வைத்து முகம் சுளித்து, பிரயாசைப்பட்டு அதைப் புன்னகையாக மாற்றி, "வெரி குட்" என்றார்.

சாயங்காலம் வந்துசேர்ந்த மதினி தட்டைப் பார்த்தார். அண்ணாச்சியைப் பார்த்தார். "சரி" என்றார். மறுநாள் காலையில் நான் போனபோது பித்தளைப் பாத்திரங்கள் அலமாரியில் பழையபடி இருந்தன. காலிச் சாக்கு மடித்துக் கிடந்தது.

அடுத்த வருடமே எனக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றல் வந்தது. அவரைத் தென்காசியில் நிறுத்திவிட்டு நான் போய்விட்டேன்.

அங்கே ஒருநாள் மார்க்கெட்டில் எலுமிச்சை இறக்கிக்கொண்டிருந்த அந்தப் புளியங்குடி லாரி டிரைவரைப் பார்த்தேன். அண்ணாச்சியைப் பற்றிக் கேட்டேன்.

"இருக்காரு சார். ஊர் ஊருக்குக் கரண்டு வந்துட்டு, ரேடியோவுக்கு எவன் பேட்டரி கொண்டாரான்? கடையில வாழைதான் கெடக்கு. அன்னைக்குக் குத்தாலத்துல வந்துச்சே, அன்னைக்கு வந்துச்சேன்னு அதே பேச்சு. அந்த மாதிரி வாறவரைக்கும் விடமாட்டாராம். மதினி அப்பளம் போட்டுக் குடும்பம் ஓடுது."

அதற்குப் பிறகு கோயம்புத்தூரில் எந்தச் சாயங்காலமும் எனக்குச் சரியாக இருந்ததில்லை. ஆபீஸ் விட்டு நடக்கையில் எங்கோ ஆசிட் வாடை அடிக்கும், கால் தானாக நின்றுவிடும். யாரோ சத்தமாகப் பேசினால் திரும்பிப் பார்ப்பேன். போய் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு சீசனுக்கும் நினைத்தேன். வெறும் கையோடு போய் அதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

அறுபதுகளின் நடுவில் ஒரு வழி கிடைத்தது. என்னோடு படித்தவன் ஒருவன் வடக்கே ஓர் ஆராய்ச்சிச் சாலையில் இருந்தான். உப்புத் தண்ணீரைக் குடிதண்ணீராக்க, இதே முறையில், பிளாஸ்டிக்கில் செய்த சவ்வை வைத்துச் சோதனை செய்துகொண்டிருந்தார்கள். ஆட்டுப் பை மாதிரி எல்லாவற்றையும் கசியவிடாது. ஒரு வகை மைனஸ் பக்கம் போகிறதை மட்டும் விடும், மற்ற வகை ப்ளஸ் பக்கம் போகிறதை மட்டும். வெட்டி மிஞ்சிய துண்டுகளைக் கெஞ்சி வாங்கினேன். காய்ந்தால் வெடித்துவிடும் என்று சொன்னதால் பால் தூக்குச் சட்டியில் தண்ணீர் ஊற்றி, அதற்குள் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் வந்தேன். பக்கத்தில் இருந்த ஆச்சி எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பளத்தை எதுக்குய்யா தண்ணியில ஊறப்போட்டிருக்கே?" என்றாள்.

அண்ணாச்சிக்குத் தலை நரைத்திருந்தது. பனியன் மட்டும் மாறவில்லை. தூக்கைத் திறந்து காட்டியதும் பழைய கதை எதுவும் கேட்கவில்லை. "இதுல எது மைனஸ் பக்கம்வே?" என்றார். அப்போதே பெட்டியைப் பிரித்துச் சவ்வை மாட்டினோம். ஒருநாள் முழுக்க ஓடியது. மைனஸ் பக்கத்துத் தண்ணீர் கண்ணாடியாகவே இருந்தது, கறை ஒரு பொட்டு இல்லை. வற்றவைத்தார். தட்டின் அடியில் வெள்ளையாக ஒரு படிவு, சுண்ணாம்பு தடவியதுபோல. அசல் வாழை உப்பு.

அண்ணாச்சி முகம் விழுந்துவிட்டது.

"இவ்வளவுதானாவே? அன்னைக்குத் தட்டு நெறைய வந்துச்சே! அதோட இது என்ன, பாத்துக்கிட்டு இருக்கும்போதே நமுத்துப் போகுது! அன்னைக்கு வந்தது சாரல்லயும் பொலபொலன்னு கெடந்துச்சுல்லா!"

"அண்ணாச்சி, இது காரம் ஏறின உப்பு. காத்துல உள்ள ஈரத்தை இழுக்கும். வாழையில இருந்து வந்தா நமுக்கத்தான் செய்யும். அன்னைக்கு வந்தது நமுக்கலைன்னா..."

"நமுக்கலைன்னா?"

"அது வாழையில இருந்து வரலை. நான் போட்டேன். நீங்க குளிக்கப் போயிருந்தீங்க. எங்க மேசையில இருந்த போத்தல்ல இருந்து எடுத்து உங்க பெட்டியில போட்டேன்."

அவர் என்னைப் பார்க்கவில்லை, தட்டைப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

"அப்பம் இத்தன வருசமா எனக்கு ஒருதரம்கூட வந்ததில்லையாவே?"

"இல்ல அண்ணாச்சி."

"இதுதான் மொதல்லயா?"

"இதுதான் மொதல்ல."

தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு எழுந்தார். "ஏட்டி! இங்கன ஓடியா! உப்பு வந்துட்டுட்டி!" என்று கடைக்குப் பின்னால் இருந்த வீட்டுக்குள் பார்த்துக் கூவினார்.

மதினி மாவுக் கையோடு வந்தார். உள்ளே எல்லாம் கேட்டிருக்கும். தட்டை ஒருதரம் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அன்னைக்குப் பாத்திரமெல்லாம் கட்டி வச்சிருந்தேன். தெரியுமா தம்பி?"

"தெரியும் மதினி."

"தெரிஞ்சுதான் போட்டீங்களா?"

"தெரிஞ்சுதான்."

உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் காபி வந்தது. ஒரு வாய் குடித்தேன். சர்க்கரைக்குப் பதில் கைநிறைய உப்பு. மதினி நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். டம்ளரைக் கீழே வைக்காமல் கடைசிச் சொட்டுவரை குடித்தேன். வாங்கிக்கொண்டு போனார். அதன் பிறகு சர்க்கரை போட்டு இன்னொரு காபி வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

மதுரைக் கொட்டகைக்கு எப்போதோ வேறு ஆள் கிடைத்துவிட்டான். நான் கொண்டுபோன சவ்வு சில மாதம் உழைத்துவிட்டுக் கிழிந்தது. நண்பன் வேறு வேலைக்குப் போய்விட்டதால் மறுபடி வாங்க முடியவில்லை. அண்ணாச்சி பெட்டியை ஓரம் கட்டிவிட்டு மோட்டார்களுக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்ட ஆரம்பித்தார் என்றும், பம்ப்செட் வந்த ஊர்களில் அவருக்கு நல்ல கிராக்கி என்றும் கேள்விப்பட்டேன். என்னை மன்னித்தாரா என்று தெரியாது. நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஆனால் ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டார். கடைக்கு வந்தவனையெல்லாம் உட்காரவைத்து, நான் எப்படி இடமும் வலமும் பார்த்தேன், எப்படிப் பூனைபோல் நடந்தேன், எப்படி உப்பை அள்ளினேன் என்று, தான் பார்க்காத காட்சியை நடித்துக் காட்டியிருக்கிறார். பலபேர் அந்தக் கதைக்காகப் பஸ்ஸைத் தவறவிட்டிருக்கிறார்கள். அடுத்த சீசனுக்கு நான் தென்காசி ஸ்டேஷனில் இறங்கியதும் குதிரைவண்டிக்காரன் ஒருவன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"உப்பு சாருல்லா! ஏறுங்க, சவ்வண்ணாச்சி கடைக்குத்தான?"

டீக்கடையில் உப்பு சார். பஸ் நிலையத்தில் உப்பு சார். கசாப்புக் கடைப் பாய்கூடக் கத்தியைத் தூக்கி ஒரு சலாம் போட்டார். கூனிக் குறுகிப் போய்க் கடை வாசலில் நின்றேன். அண்ணாச்சி காயிலிலிருந்து தலையைத் தூக்காமல், பெஞ்சியில் கிடந்த கம்பிகளை மட்டும் ஒதுக்கி இடம் பண்ணினார். உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு அவர் இருந்தவரை எந்தச் சீசனையும் நான் விட்டதில்லை.

இப்போதும் சாரல் விழுகிற மாதத்தில் ஒருதரம் தென்காசிக்குப் போய்வருகிறேன். இறங்கியதும் உடனே நடந்துவிடமாட்டேன், கொஞ்ச நேரம் நிற்பேன். அந்தப் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட அங்கே இப்போது ஒருவரும் இல்லை.